பழைய கொரோலாவும் எல்கடுவ இறக்கமும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்தாண்டுகள் பழைய டொயோட்டா கொரோலாவையும் நிசான் சன்னியையும் வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பூட்டப் பலரைப் பழக்கின. அக்கைத்திறனை மெச்சுகிறேன். (எனக்கோ டயர் மாற்றவும் துணை வேண்டும்!)

ஆனால், அலோய் சில்லுக்கும் அகன்ற டயருக்கும் முன்னதாகப் பணம் பிரேக்கிற்கே போகவேண்டும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், மிதி அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. சமதரையில் ஓடுபவருக்கு இக்குறை தெரியாமலே போகலாம். எல்கடுவயிலிருந்து வத்தேகமவுக்கு இறங்குபவருக்கு அந்தச் சலுகை இல்லை. எதிரே பாடசாலைப் பிள்ளைகள் நடந்து வரும் பாதை அது.

முற்றத்தில் ஸ்பானர் பிடிக்கும் தம்பிமாரே, உங்கள் காரில் அந்த எண்ணெயைக் கடைசியாக மாற்றியது எந்த ஆண்டு?