எர்த்தைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்

வால்வு ஆம்ப்ளிஃபையரில் ஹம் வந்தால் முதல் ஃபில்டர் கண்டென்சரை 470 மைக்ரோஃபாரடாக மாற்று; நிற்காவிட்டால் எர்த்தைக் கழற்று; மிச்சத்துக்கு நம் ஊர் சின்னாளப்பட்டி கரண்ட்டைத் திட்டு என்று எழுதியிருக்கிறார் ஒரு நண்பர். ஹை வோல்டேஜ் என்றாலே இரைச்சல் கூடவே வருமாம். இதில் ஒன்றுகூடச் சரியில்லை. ஒன்று ஆளையே கொல்லும்.

ஊட்டியில் டாடா ஆய்வு நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர்க் கூடத்தில் 3,712 இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், சுமார் 3,000 வோல்ட்டில் நின்று மியூவான் துகளின் நுண்ணிய துடிப்பைப் பிரித்தெடுக்கின்றன. நம் ஆம்ப்ளிஃபையரில் வெறும் 400 வோல்ட்; இரைச்சலுக்கு வோல்டேஜைக் குறை சொல்ல முடியாது.

நம் ஊரில் மாவு மில் மோட்டார் கிளம்பினால் ஸ்பீக்கரில் 'டப்' என்று வெடிக்கும், உண்மைதான். விடாத ஹம் வேறு. அது பெரும்பாலும் பெட்டிக்குள் பிறப்பது. லைன் 50 ஹெர்ட்ஸ்; ஃபுல்வேவ் ரெக்டிஃபையரைத் தாண்டினால் 100. கேட்பது 100 என்றால் சப்ளையைப் பாருங்கள். 50 என்றால் ஹீட்டர் ஒயரை, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்தை, கிரவுண்ட் சுற்றைப் பாருங்கள். பழகிய காதுக்கே வித்தியாசம் தெரியும். அதைக்கூடக் கேட்காமல் கண்டென்சரை மாற்றச் சொல்வது நாடி பிடிக்காமல் ஊசி போடுவது.

கணக்காவது போட்டாரா? 100 மில்லி ஆம்பியர் இழுக்கும் சப்ளையில் 50 மைக்ரோஃபாரட் போட்டால் ரிப்பிள் சுமார் 20 வோல்ட். 470 போட்டாலும் 2 வோல்ட் மிஞ்சும். அந்த 50-க்குப் பின்னால் 10 ஹென்றி சோக்கும் இன்னொரு 50-ம் வைத்தால் 0.1 வோல்ட்தான். ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வு முதல் கண்டென்சராக 60 மைக்ரோஃபாரட் வரைதான் தாங்கும். 470-ஐ மாட்டினால் உள்ளே பொறி தெறித்துச் சாகும். சார்ஜ் கரண்ட் பாயும் ஒயரிலேயே இன்புட் கிரவுண்டையும் பற்றவைத்திருந்தால், கண்டென்சர் பெரிதாகப் பெரிதாக ஹம் கூடவே செய்யும். டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையை நேரே முதல் கண்டென்சரின் மைனஸில் சேர்த்து, அங்கிருந்து தனி ஒயரில் மற்ற கிரவுண்டுக்குப் போக வேண்டும். இதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

400 வோல்ட் ஏறிய 470 மைக்ரோஃபாரடில் சுமார் 38 ஜூல் தேங்கி நிற்கும். ஸ்விட்சை அணைத்தாலும் அது இறங்கிவிடும் என்று நம்ப முடியாது. அதை வடிக்க இரண்டு வாட் பிளீடர் ரெசிஸ்டர் ஒன்று போடச் சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

எர்த் விஷயத்துக்கு மன்னிப்பே கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் விட்டால் சேசிஸில் 230 வோல்ட். மைக்கின் உலோக உறையும் அதே சேசிஸோடுதான் சேர்ந்திருக்கிறது. எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் கோயில் வாசலில் ஈரத்தரையில் வெறுங்காலோடு மைக்கைப் பிடிக்கிற பிள்ளை போகும். அந்த வரியை நண்பர் இன்றே வாபஸ் வாங்க வேண்டும்.