தோட்டத்தைப் பயில்வோர்க்குச் சலுகை மதிப்பெண் வேண்டா

தன் சொந்தச் சமூகத்தின் சரித்திரத்தைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டிலே பாடமாக எடுத்துக்கொள்ளும் மாணவன், மற்றப் பாடங்களில் படும் சிரமம் இதில் இராது என்று எண்ணுவதும், அவ்வெண்ணத்தை ஆசிரியர்களுள் சிலரே பரிவு காரணமாக ஆதரித்து, வகுப்புக்கு வந்ததற்குப் பாதியும் உணர்ச்சி ததும்பும் ஒரு கட்டுரைக்கு மீதியுமாக மதிப்பெண்களை வாரி வழங்குவதும் நம்மிடையே வழக்கமாகிவிடலாகாது என்பது எமது திடமான அபிப்பிராயம். நெகிரி செம்பிலானின் லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ், கெமென்சே வட்டாரங்களின் தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து உயர்கல்விக்குச் செல்லும் பிள்ளைகளை மனத்திற்கொண்டே இதை எழுதுகிறோம்.

தம் சமூகத்தையே பாடமாக எடுத்துக்கொண்ட கல்விக்கு அமெரிக்கா ஒரு முன்னுதாரணம். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினரின் வாழ்வையும் சரித்திரத்தையும் போதிக்கும் துறைகள் எவரும் மனமுவந்து தானமாக அளித்தவை அல்ல. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வகுப்புப் புறக்கணிப்பு 1969 மார்ச்சு வரை நீடித்த பின்னரே அங்கு அத்தகைய கல்விக்கு நிலையான இடம் கிடைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்கானா ஆய்வு நிலையமும் 1969-இல் தோன்றியதே. ஆயினும் அக்கல்விக்கு வழிகாட்டிய உழைப்பு அதற்கும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முற்பட்டது. டுபாய்ஸ் என்ற அறிஞர் பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டாரத்தில் கறுப்பின மக்களிடையே வீடு வீடாக ஏறி இறங்கி, அவர்களுடைய தொழில், வருமானம், கல்வி, குடும்ப அமைப்பு ஆகியவற்றைக் கேட்டெழுதி, 1899-இல் பெருநூலாக வெளியிட்டார். தம் மக்கள்மீது அவருக்கிருந்த அன்பை யாரே ஐயுறுவர்? அந்த அன்பு அவரிடத்தில் கணக்கெடுப்பாகவும் சாட்சிய விசாரணையாகவும் உருக்கொண்டது. அம்மக்களிடம் கண்ட குறைகளையும் அவர் மறைக்கவில்லை.

நமக்கும் அப்படியொரு பரம்பரை இல்லாமற் போகவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்ட காலத்தில், அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டியபோது, சாமானிய மக்களும் தம்மால் இயன்றதைத் தந்தார்கள். தனிநாயகம் அடிகள் அத்துறைக்குத் தலைமையேற்றிருந்த காலத்திலே, 1966 ஏப்ரலில், முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடிற்று. ஆய்வாளர்களான சந்து 1969-இலும் அரசரத்தினம் 1970-இலும் மலாயா இந்தியர் சரித்திரத்தை நூலாக்கினர். வட இந்தியாவிலிருந்து வந்த இரவீந்திர ஜெயின் ஒரு ரப்பர்த் தோட்டத்திலேயே தங்கி ஆராய்ந்து, அத்தோட்டத்தின் உண்மைப் பெயரைப் புனைபெயரால் மறைத்து, 1970-இல் தம் நூலை வெளியிட்டார். பிறர் வந்து தங்கிக் கற்ற ஒன்றை, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலே பிறந்தவரின் பேரப்பிள்ளை கேள்வி ஞானத்தால் எழுதி மதிப்பெண் பெறுவது நமக்குக் கௌரவமாகாது.

ஆகையால் அறிமுக வகுப்பில் 100 மதிப்பெண்ணில் 40-ஐயேனும் ஒரேயொரு பணிக்கு ஒதுக்கவேண்டும் என்கிறோம்: மாணவர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தின் ஒரு லயத்தை எடுத்துக்கொண்டு, அங்கே வாழ்ந்த குடும்பங்கள் எந்த ஊரிலிருந்து எந்தக் கங்காணியின் வழியாக வந்தன, 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற குடிபெயர்வைத் தடுத்தபின் உறவுகள் என்னவாயின, ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு யார் யார் கொண்டுபோகப்பட்டார்கள், யார் திரும்பினார்கள் என்பனவற்றை விசாரித்தெழுதுதல். பாட்டி சொன்னதை மட்டும் எழுதுவது போதாது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்றதையும், நிரை பிடித்துப் பால்மரம் சீவிக் காண்டாவாளி சுமந்ததையும் அவர் சொல்லுவார். ஆனால் அன்றைய கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதைச் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேடுதான் சொல்லும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. அப்பள்ளி உண்மையில் எந்த வகுப்புவரை நடந்தது, அதன் ஆசிரியர் கிராணியா பூசாரியா என்பதை நினைவும் பதிவேடும் சேர்ந்தே தெளிவிக்கும். இரண்டையும் ஒப்புநோக்கி, முரண்படும் இடத்தை மறைக்காமல் காட்டும் மாணவருக்கே உயர்ந்த மதிப்பெண் உரியது. லயத்திலும் கோயிலிலும் நிலவிய சாதிப் பிரிவினையையும், கள்ளுக்கடையால் அழிந்த குடும்பங்களையும் விட்டுவிட்டு, துரையின் கொடுமையை மட்டும் எழுதும் கட்டுரைக்குத் தேர்ச்சி மதிப்பெண்கூடத் தரலாகாது. அது அரை உண்மை. அரை உண்மையால் நம் முன்னோர்க்கு ஒரு பெருமையும் இல்லை.

தோட்டப்புறப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்கு ஆய்வு நடையில் எழுதுவது, அதுவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுவது, எளிதன்று என்பதை நாம் அறிவோம். அதற்குப் பரிகாரம் அளவுகோலைத் தாழ்த்துவது அன்று. முதல் வரைவைப் பருவத்தின் நடுவிலேயே வாங்கி, மதிப்பெண் இடாமல், வரி வரியாகத் திருத்தித் திருப்பித் தரும் பிரயாசையை ஆசிரியர் ஏற்கவேண்டும். இறுதி வடிவத்தை மட்டும் கண்டிப்புடன் மதிப்பிடவேண்டும். வகுப்பு பெரிதானால் இது பெருஞ்சுமைதான் என்றாலும், வேறு வழி எமக்குத் தோன்றவில்லை.

காலமோ காத்திருக்கவில்லை. செண்டாயான் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று புதிய நகரியம் எழுந்திருக்கிறது. ரப்பர் நின்ற தீம்பார்களிற் பலவற்றில் செம்பனை நிற்கிறது. லயத்துக் குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் அதற்கப்பாலும் சிதறிப் போயின. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற கிராணிமார்களையும், ஆசிரியர்களையும், கோயில் நிர்வாகிகளையும், தொழிற்சங்கத்துப் பெரியவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: பழைய செக்ரோல், பள்ளி வருகைப் பதிவேடு, கோயில் வரவுசெலவுப் புத்தகம் எதுவாயினும் வீட்டிலிருந்தால் எரித்துவிடாதீர்கள், மாணவர்கள் தேடி வரும்போது அவற்றைப் படியெடுத்துக்கொள்ளக் கொடுங்கள், பக்கத்தில் அமர்ந்து படித்தும் காட்டுங்கள்.