சட்டையில் இருக்கிறாள், சட்டத்தில் இல்லை

2021 டிசம்பர் 22, டாக்கா. தெற்காசிய நாடுகளின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்துப் போட்டி, இறுதி ஆட்டம். பங்களாதேஷும் இந்தியாவும் மோதின. ஒண்ணுக்குச் சைபர், கோப்பை பங்களாதேஷுக்கு. அந்த ஒரு கோலை அடித்தவள் ஆனாய் மோகினி, காக்ராசரி மலை மாவட்டத்து மார்மாப் பெண். கேப்டன் மாரியா மாண்டா, மைமன்சிங் பக்கம் கல்சிந்தூர் பள்ளிக்கூடத்தில் பந்து பழகிய காரோப் பெண். இரண்டு பேருமே ஆதிவாசிகள்.

ஆதிவாசிகள் என்று நாம்தான் சொல்கிறோம். அந்த நாட்டின் அரசியல் சட்டம் சொல்லாது. 2011இல் கொண்டுவந்த 15ஆவது திருத்தம், பங்களாதேஷ் மக்கள் எல்லோரும் இனத்தால் வங்காளிகள் என்று எழுதிவைத்தது. சக்மா, மார்மா, காரோ, சந்தால் அத்தனை பேரும் ஒரே வரியில் வங்காளி ஆனார்கள். அதே திருத்தத்தில் வேறொரு பிரிவு, இவர்களுடைய பண்பாட்டைக் காப்போம் என்றது. அங்கே இவர்களுக்குக் கொடுத்த பேர் என்ன தெரியுமா? 'உபஜாதி', 'க்ஷுத்ர ஜாதிசத்தா'. நம்ம மாடனையும் காட்டேரியையும் 'க்ஷுத்ர தேவதை' என்று எழுதினானே, அதே க்ஷுத்ரம்தான். எல்லை தாண்டினாலும் அந்தச் சொல்லின் புத்தி மாறவில்லை.

இது 2011இல் முளைத்த வம்பு இல்லை. 1972இல் அரசியல் சட்டம் எழுதும்போதே சபையில் எழுந்து, சக்மா வங்காளி ஆகமாட்டான் என்று மானவேந்திர நாராயண் லார்மா மறுத்தார். கேட்க ஆள் இல்லை.

விளையாட்டில் எதுக்கய்யா அரசியல் என்பார்கள். கொடியைப் போர்த்திக்கொண்டு ஓடவிடுவதும், தேசிய கீதத்துக்கு நிற்கவைப்பதும் அரசியல் இல்லையா? அவள் வாயைத் திறந்து நான் யார் என்று சொன்னால் மட்டும் அது அரசியல் ஆகிவிடுமா?

இந்தச் சின்னப் பெண்கள் வந்த அதே மலைகளிலிருந்துதான் பெரியவர்கள் அணிக்கும் ஆள் போகிறது. 2022 செப்டம்பரில் அந்த அணி காட்மாண்டுவில் தெற்காசியக் கோப்பையை வென்றது. சிறந்த கோல்கீப்பர் ரூப்னா சக்மா. ராங்காமாட்டியில் அவளுடைய ஓட்டைக் குடிசையின் படம் வெளியே வந்து நாறியதும், வீடு கட்டிக்கொடுக்கப் பிரதமர் உத்தரவு போட்டார். கட்டட்டும், நல்லதுதான். ஆனால் அதே ராங்காமாட்டியில்தான் காப்தாய் அணை இருக்கிறது. பாகிஸ்தான் ஆட்சியில், 1962இல் முடித்த அணை. மலை மக்களின் 54,000 ஏக்கர் விளைநிலம் தண்ணிக்குள் போனது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடுவாசல் இழந்தார்கள். 1997 ஒப்பந்தம் நிலத் தகராறுகளைத் தீர்க்க ஆணையம் வைக்கிறேன் என்றது, தகராறுகள் தீர்ந்தபாடில்லை. ஒரு வீட்டைக் கொடுத்துப் படம் பிடிப்பது கருணை. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது நீதி. ஆள்கிறவனுக்குக் கருணை காட்டச் செலவு குறைவு.

பந்தை உதைத்தால் இந்த மரியாதை. கேள்வி கேட்டால்? மலைப் பெண்கள் கூட்டமைப்பின் கல்பனா சக்மாவை 1996 ஜூன் 12 ராத்திரி வீட்டிலிருந்தே கடத்திக்கொண்டு போனார்கள். ராணுவ அதிகாரி மீதே குற்றச்சாட்டு. இன்றுவரை அவள் திரும்பவில்லை.

2024 அக்டோபரில் மறுபடியும் அதே கோப்பை. வெற்றி கோல் ரிதுபர்ணா சக்மாவுடையது. மூணு மாசம்கூட ஆகவில்லை. ஒரு பள்ளிப் பாடநூலின் அட்டையில் ஒரு மரம் இருந்தது. இந்து, முஸ்லிம், பௌத்தர், கிறித்தவர், ஆதிவாசி என்று ஐந்து இலைகள். இலையைப் பறிக்காதே என்று ஒரு வாசகம். 'ஆதிவாசி' என்ற சொல் இருக்கக்கூடாது என்று ஒரு கும்பல் கத்த, படத்தையே எடுத்துவிட்டார்கள். நியாயம் கேட்டுப் போன ஆதிவாசி மாணவர்களை 2025 ஜனவரி 15 அன்று டாக்கா வீதியில் அடித்து மண்டையை உடைத்தார்கள். ஆட்சி மாறியிருந்தது. அடி மாறவில்லை.

இதைப் படித்து இந்தியா பரவாயில்லை என்று யாரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். 2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்குக் கேப்டன் அஸ்தம் ஓராவோன், ஜார்க்கண்ட் ஆதிவாசிப் பெண். அவள் வீட்டுக்கு அவசரமாக ரோடு போட்டார்கள். அந்த ரோட்டில் 250 ரூபாய்க் கூலிக்கு வேலை செய்தவர்கள் அவளைப் பெற்றவர்கள். 1928 ஒலிம்பிக் ஹாக்கி கேப்டன் ஜெய்பால் சிங் முண்டா, அரசியல் நிர்ணய சபையில் 'ஆதிவாசி' என்ற சொல்லைக் கேட்டார், கிடைக்கவில்லை. அது சட்டப்பொருள் இல்லாத பொதுச்சொல், பட்டியல் என்றால் இன்னின்னார் என்று வரையறுக்கலாம் என்பது பாபாசாகேபின் பதில். அந்தப் பதிலில் நியாயம் உண்டு; பட்டியலால் கிடைத்த உரிமைகளும் உண்டு. ஆனால் தன் பேரைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை பாக்கி நிற்கிறது. ஹரிஜன் என்ற பேரைத் தூக்கியெறிந்து தலித் என்று நிமிர்ந்த நமக்கு, அந்தப் பாக்கியின் கனம் தெரியாதா?

அடுத்த போட்டியிலும் அந்த மலைப் பெண்கள் ஓடுவார்கள். கை தட்டுவோம். தட்டின கையோடு கேட்போம்: கோலை எடுத்துக்கொண்டாயே, அவள் பேரை எங்கே வைத்தாய்? அவள் நிலத்தை எப்போது திருப்பிக் கொடுப்பாய்?