சைலன்சருக்கு முதலில் இடம்

இலகு ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸாஸ்ட் அமைப்பவர்களில் பலர் எஞ்சின் பக்கமிருந்தே வேலையைத் தொடங்குகிறார்கள். நான்கு சிலிண்டர் குழாய்களும் ஒரே இடத்தில் கூடும் 4-1 ஹெடரா, இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும் 4-2-1 ஹெடரா என்ற வாதத்தில் வாரங்கள் போகின்றன. வெல்டிங் முடிந்த பிறகுதான் சைலன்சருக்கு மிஞ்சிய இடத்தைத் தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே நம் கருத்து.

லோட்டஸ் செவனைப் பாருங்கள். காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த இந்தக் கார், 1973 முதல் கேட்டர்ஹாம் பெயரில் தொடர்கிறது. ஏறத்தாழ அரை டன் எடை. பல மாடல்களில் ஹெடர் குழாய்கள் பானட்டின் பக்கவாட்டில் வெளியே வந்து, உடலையொட்டிய சைலன்சரில் சேர்கின்றன. குழாயின் வாயைப் பின்சக்கரத்துக்கு முன்னாலேயே முடிக்கலாம். வால்வரை கொண்டுபோகவும் செய்யலாம். முன்னதில் நீளமும் எடையும் குறைவு. ஆனால் வெடிப்போசை ஓட்டுநரின் காதருகே எழும். ஏறி இறங்கும்போது கால் சுடாமலிருக்க வெப்பத் தடுப்பு கட்டாயம். பின்னதில் பெரிய சைலன்சர் பொருந்தும். ஆனால் காரின் வால்பகுதியில் காற்றழுத்தம் குறைவதால் புகை சுழன்று திறந்த இருக்கைக்கே திரும்பும். குழாயின் வாய் உடல் விளிம்பைத் தாண்டி நீள வேண்டும். சாலையில் ஓடும் காருக்குச் சில கிலோ கூடினாலும் பின்வழியே மேல்.

பந்தயத் தடத்தில் ஒலிச்சோதனை இன்னும் கண்டிப்பானது. நின்ற நிலைச் சோதனையில் மைக்கைக் குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் வைக்கிறார்கள். ஓடும்போது அளக்கும் கருவி தடத்தின் ஒரு பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கம் பார்த்த குழாய் கூடுதல் டெசிபல் காட்டும். வரம்பைத் தாண்டித் திருப்பி அனுப்பப்பட்ட காருக்கு, ஹெடரில் பெற்ற குதிரைத்திறனால் பயனில்லை.

வாயும் சைலன்சரும் முடிவான பிறகு ஹெடருக்கு வரலாம். சிலிண்டர்கள் 1-3-4-2 வரிசையில் எரியும் எஞ்சினுக்கு, 4-2-1 ஹெடரில் 1-4, 2-3 என்று இணைத்தால் ஒவ்வொரு ஜோடியிலும் துடிப்புகள் 360 டிகிரி இடைவெளியில் வரும். நடு ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும். எப்போதும் உச்ச ஆர்பிஎம்மிலேயே ஓடும் பந்தய எஞ்சினுக்கு 4-1 போதும்.

பலர் மறப்பது வெப்ப விரிவை. ஒரு மீட்டர் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 9 மி.மீ. நீளும். போதாக்குறைக்கு ரப்பர் மவுண்டில் எஞ்சினும் ஆடும். சைலன்சரைச் சேசிஸோடு இறுக்கிப் பூட்டினால், குழாய்கள் கூடும் இடத்தில் வெல்டிங் விரிசல் விடும். ஸ்பிரிங் பூட்டிய நழுவு இணைப்பும் ரப்பர் தாங்கியும் வையுங்கள். ஆக்சிஜன் சென்சார் அந்த இணைப்புக்கு முன்னால் இருக்கட்டும். கசிவில் நுழையும் காற்று, கலவையில் பெட்ரோல் குறைவதாகப் பொய் சொல்லும். சைலன்சருக்குள் திணித்த கண்ணாடிப் பஞ்சு நாளடைவில் எரிந்து உதிரும். அதை மாற்ற ஒரு மூடியாவது கழற்றக்கூடியதாக இருக்கட்டும்.

நீங்கள் அமைத்த எக்ஸாஸ்டின் வரைபடத்தையும் அளந்த டெசிபல் கணக்கையும் எங்களுக்கு அனுப்புங்கள். பட்டறையில் உழைப்பவர்களுக்கு உதவும் என்பதால் வெளியிடக் காத்திருக்கிறோம்.