நன்றாகத்தானே சாப்பிடுகிறது!



வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "செல்லி எங்கே சார்?" என்று கேட்கிறீர்கள். சென்ற மாதம் இறந்துவிட்டது. 9 வயது. வயதாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் தவறு என்னுடையது.

கோடையில் இளைக்கத் தொடங்கியது. விலா எலும்பு தெரிவதை முதலில் பார்த்தது என் மனைவிதான். "டாக்டரிடம் காட்டுங்களேன்" என்றாள். "நன்றாகத்தானே சாப்பிடுகிறது, வெயிலுக்கு இளைத்திருக்கும்" என்றேன். வைத்த தண்ணீர் எல்லாம் உடனே காலியானது. இரவில் திண்ணையிலேயே சிறுநீர் கழித்தது. அதற்காக அதட்டினேன். அந்த அதட்டல் இன்னும் மனதை உறுத்துகிறது.

சாப்பாட்டை நிறுத்தி வாந்தி எடுத்த பிறகே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எடை 14 கிலோ. சென்ற ஆண்டு தடுப்பூசி அட்டையில் 18 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 கிலோ மனிதர் 13 கிலோ இளைத்த மாதிரி. நம் வீட்டு மனிதர் என்றால் சும்மா இருப்போமா?

நோய் சர்க்கரை. நாய்களுக்கும் வரும், கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்குக் கூடுதலாக வரும். இன்சுலின் இல்லாததால் சாப்பிட்டது உடம்பில் சேராது. சர்க்கரை சிறுநீரில் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து உயிர் வாழும். அதனால்தான் அந்தப் பசி, அந்தத் தாகம், அந்த மெலிவு. முன்பே தெரிந்திருந்தால் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கலாம்.

எல்லா மெலிவும் சர்க்கரை அல்ல. குடற்புழு, உண்ணிக் காய்ச்சல், பல் வலி, சிறுநீரகக் கோளாறு, கட்டி என்று காரணம் பல. ஈறு வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கலாம். இரத்தம், சிறுநீர், மலம் சோதித்தால்தான் தெரியும். கூடுதலாக ஒரு பிடி தயிர்ச் சோறு போடுவது வைத்தியம் ஆகாது. நாமாக மனிதர் மாத்திரை கொடுப்பது ஆபத்து.

என் கருத்து இதுதான்: "நன்றாகச் சாப்பிடுகிறது" என்பது ஆறுதல் அல்ல. சாப்பிட்டும் இளைப்பதுதான் பெரிய எச்சரிக்கை. பள்ளியில் ஆண்டுதோறும் உங்கள் உயரத்தையும் எடையையும் குறித்துவைத்தவன் நான். இளைத்த பிள்ளையின் தாயை வரச்சொல்லி விசாரித்தவன். வாய் பேசாத ஜீவனை ஒருமுறைகூட நான் எடை பார்க்கவில்லை.

வீட்டில் நாய் இருப்பவர்கள் நாளைக்கே செய்யுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நில்லுங்கள், பிறகு தனியாக நில்லுங்கள், கழித்துப் பாருங்கள். காலண்டரில் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை போதும். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள்.

இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடம். நான் செய்யத் தவறியது.