ஒரு வேகத்தடை காணாது

மட்டக்களப்பில் ஏதாவது ஒரு ஒழுங்கைக்குள்ள விபத்து நடந்தா, மறுகா என்ன நடக்கும் எண்டு எங்க எல்லாருக்கும் தெரியும். ஊராக்கள் சேர்ந்து கல்லும் சீமெந்தும் போட்டு வீதிக்குக் குறுக்க ஒரு மேடு கட்டுவாங்க. இல்லாட்டி "மெதுவாகச் செல்லவும்" எண்டு ஒரு பலகை வரும். கொஞ்ச நாளில் மேட்டின் ஓரத்தால பைக் போற பாதை ஒன்று விழுந்திடும். "இதால ஒரு பிரயோசனமும் இல்ல, பொடியன்மாருக்குப் புத்தி வரணும்" எண்டு கதையை முடிச்சிடுவம்.

அந்த முடிவோட எனக்கு உடன்பாடில்லை. வேகத்தடை வேலை செய்யும். ஆனால் நாங்க கட்டுற விதத்தில் கட்டினால் வேலை செய்யாது.

முதலில் எவ்வளவு வேகம் என்பதைப் பார்ப்போம். இலங்கையில் குடிமனைப் பகுதிகளில் காருக்கு 50 கிலோமீற்றர், முச்சக்கரவண்டிக்கு 40 என்பது சட்டம். ஒழுங்கைக்கு 50 கூட மிக அதிகம். ஒரு பிள்ளை பந்துக்குப் பின்னால திடீரெண்டு ஓடி வருது என்று வையுங்க. 30 இல் வாற வாகனம் ஏறத்தாழ 13 மீற்றரில் நிண்டிடும். 50 இல் வாறவர் பிரேக்கில் கால் வைக்க எடுக்கிற அந்த ஒரு செக்கனிலேயே 14 மீற்றர் வந்திடுவார். முதலாவது வாகனம் நிண்டு முடிஞ்ச இடத்தில், இரண்டாவது இன்னும் வேகம் குறைக்கவே தொடங்கவில்லை. 2020 ஸ்டொக்ஹோம் பிரகடனம், ஆக்களும் வாகனங்களும் கலக்கிற வீதிகளில் 30 தான் உச்ச வேகமாக இருக்க வேணும் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அந்த 30 ஐ எப்படிக் கொண்டுவாறது? பலகையால் முடியாது என்பதற்கு இங்கிலாந்தில் நல்ல சான்று இருக்கு. பெரும்பாலும் பலகையை மட்டும் நட்டு 20 மைல் (ஏறத்தாழ 32 கிலோமீற்றர்) எல்லை அறிவித்த இடங்களை அந்நாட்டு அரசு ஆய்வு செய்து 2018 இல் அறிக்கை வெளியிட்டது. வேகம் குறைந்தது 1 மைலுக்கும் குறைவு. லண்டனில் அதே 20 மைல் எல்லையை வேகத்தடைகள் முதலானவற்றோடு கொண்டுவந்த வலயங்களில், விபத்தில் காயப்பட்டோரும் இறந்தோரும் ஏறத்தாழ 42 வீதம் குறைந்தார்கள் என்கிறது 2009 இல் வந்த ஆய்வு. "அது வெள்ளைக்காரன்ட ஊர்" எண்டு சொல்லுறவங்களுக்கு: கானாவில் அக்ரா–குமாசி நெடுஞ்சாலையின் சுஹும் சந்தியில் வீதிக்குக் குறுக்கே அதிர்வுப் பட்டிகள் போட்ட பிறகு விபத்துகள் 35 வீதமும் மரணங்கள் 55 வீதமும் குறைந்தன.

அப்ப எங்கட மேடு ஏன் தோற்குது? வடிவம் பிழை. 1973 இல் பிரித்தானிய வீதி ஆய்வுகூடம் சோதித்துச் சொன்ன வேகத்தடை 3.7 மீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர்தான் உயரம். நாங்க கட்டுறது ஒரு அடி அகலத்தில் கூரான மேடு. அது மெதுவாக வாற ஓட்டோவில இருக்கிற கர்ப்பிணியின் இடுப்பைத்தான் உடைக்கும். வேகமாக வாற காரின் ஸ்பிரிங் அந்தக் குலுக்கலை விழுங்கிவிடும். நிறம் பூசாத மேடு இரவில் பைக்காரனை விழுத்தும். அதோட, ஒரு தடை தன் இடத்தில் மட்டும்தான் வேகத்தைக் குறைக்கும், தாண்டினதும் திரும்ப முறுக்குவாங்க. ஒழுங்கை முழுக்க வேகம் குறைய 60 தொடக்கம் 100 மீற்றருக்கு ஒன்று வேணும்.

எங்கட ஊருக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கு, மாரி மழை. மதிலுக்கு மதில் தடை கட்டினா வெள்ளம் வீட்டுக்குள்ள வரும். தண்ணிக்கு இடைவெளி விட்டா அதால பைக் போகும். இடைவெளியை ஒடுக்கி, அதில் வெள்ளை பூசின ஒரு சிறு கட்டை நாட்டினா தண்ணி போகும், பைக் போகாது. அம்புலன்ஸ் போற முக்கிய வீதிகளை விட்டு, உள் ஒழுங்கைகளில் மட்டும் போடலாம்.

போர் முடிஞ்ச பிறகு 2013 இல் கல்லடிப் புதுப்பாலம், 2014 இல் மண்முனைப் பாலம் என்று வந்தன. கிறவல் ஒழுங்கைகள் கொங்கிரீட் வீதிகளாகின. அதெல்லாம் நாங்க கேட்டு வாங்கினதுதான், தேவையானதும்தான். ஆனால் அந்தக் கிறவலின் குண்டும் குழியும்தான் அதுவரை எங்கட வேகத்தடையாக இருந்தது. வீதி வழுவழுப்பானபோது அதற்குப் பதிலாக ஒன்றை வைக்க வேணும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஆகவே கேட்க வேண்டியது இது: உள்வீதிக்குக் கொங்கிரீட் போடுகிற மதிப்பீட்டிலேயே வேகத்தடைகளும் சேர வேணும். உள்வீதிகள் மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் உரியவை. 2025 மே தேர்தலுக்குப் பிறகு அங்க திரும்பவும் உறுப்பினர்கள் இருக்கிறாங்க. உங்கட வட்டாரத்துக்கு ஆர் எண்டு தேடிப் பிடிங்க. பத்து வீட்டுக் கையெழுத்தோட ஒரு கடிதம் குடுங்க, எத்தனை தடை, எங்க எங்க எண்டு ஒரு படமும் கீறிக் குடுங்க. சீமெந்து குழைக்கிறதுக்கு ஒரு பிள்ளை அடிபடும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.