கிணறும் கணக்கும்

தண்ணீரை எவ்வளவு இறைத்தாலும் பயிருக்கு நன்மையே என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லினுள் தங்கும் மாரி மழையே நமது கிணறுகளுக்கு முதல். அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும்.

ஐக்கிய நாடுகள் உணவு விவசாய ஸ்தாபனம் 2009ஆம் ஆண்டில் 'அக்குவாகுறொப்' என்னும் கணினி நிரலை வெளியிட்டது. மழை, வெப்பம், மண், பயிர் ஆகியவற்றின் விபரங்களைக் கொடுத்தால், வேரடியில் எஞ்சியுள்ள ஈரத்தை அது நாள்தோறும் கணக்கிடும். எப்போது, எவ்வளவு இறைத்தால் என்ன விளைச்சல் கிட்டும் என்றும் மதிப்பிடும்.

ஆயினும் நாம் பிழையான அளவைக் கொடுத்தால், விடையும் பிழையாகவே வரும். ஆகவே, மாணவ நண்பர்களே, முற்றத்தில் ஒரு மழைமானியை வைத்து நாள்தோறும் குறித்து வாருங்கள். தந்தையாரின் அநுபவத்தோடு உங்கள் கணக்கும் சேர்ந்தாற் கிணறும் வாழும், தோட்டமும் வாழும்.